வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார், என்ன செய்வது?

தாமிரபரணிக்காரன்:
அப்பா வழி நிலத்துக்குப் பாகப்பிரிவினை வழக்கு, நான்கு வருடமாக நடக்கிறது. போன வருடம் முழுக்க வாய்தாதான். வக்கீலை மாற்றலாம் என்று அண்ணனும் நானும் போனால், "பாக்கி 40,000 இருக்கு, வைத்துவிட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார். தாத்தா காலத்து மூலப் பத்திரம் அதற்குள் இருக்கிறது. அவர் ரசீது தந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரம்தான். கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

நெல்லைச் செல்வன்:
நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுங்கள்.

பழைய குமாஸ்தா:
அங்கே போகாதீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வக்கீல் ஆர்.டி. சக்சேனா, 97,100 ரூபாய் பாக்கி என்று கோப்புகளைத் தராமல் வைத்திருந்தார். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டது. அப்பீலில், 2000இல், உச்ச நீதிமன்றம் அதை வெறும் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் செய்தது தவறு என்பதில் மாற்றமில்லை. விற்றுக் காசாக்க அது என்ன அடகு நகையா? பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். கொடுத்த காகிதங்களைப் பத்திர எண்ணோடு பட்டியலிட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தராவிட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார். ஆனால் அதற்கு நாளாகும், வாய்தாவுக்கு அதை நம்பாதீர்கள். அவர் நோ அப்ஜெக்‌ஷன் (ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து) தராவிட்டாலும், நீதிமன்ற அனுமதியோடு புது வக்கீல் வக்காலத்து போடலாம். பிராது (வழக்கு மனு), எதிருரை (எதிர்த்தரப்பு பதில்) இரண்டுக்கும் நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூலப் பத்திரம் கோர்ட்டில் மார்க், அதாவது சாட்சி ஆவணமாகக் குறியிடப்பட்டு, ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அது கோர்ட்டில்தான் இருக்கும், அவர் கட்டில் இருக்காது. பல பேர் இது தெரியாமல்தான் பயப்படுகிறார்கள்.

தாமிரபரணிக்காரன்:
சாட்சி விசாரணையே இன்னும் தொடங்கவில்லை ஐயா, அவரிடம்தான் இருக்கிறது. இன்னொன்று, 15,000 வரை நிஜமாகவே பாக்கி இருக்கும் என்கிறார் அண்ணன்.

பழைய குமாஸ்தா:
அப்படியானால் அதைக் கொடுத்துவிடுங்கள், தம்பி. உழைத்த கூலி அது. ரொக்கமாக வேண்டாம், வங்கி மூலம் அனுப்புங்கள். கடிதத்திலும் அந்தத் தொகையைக் குறிப்பிடுங்கள்.