அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இரண்டு மெடல் விடுபட்டிருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பா ராணுவத்தில் என்ஜினியர் யூனிட்டில் ஹவில்தாராக இருந்தவர். 1971 போரில் கிழக்கு முனையில் பாலம் போடும் வேலை. டிசம்பர் 16-ல் டாக்கா சரணடைந்த செய்தியை ஆற்றங்கரையில் ரேடியோவில் கேட்டதாக இன்றும் சொல்வார். (சொல்லும்போதெல்லாம் ஆறு கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போகும், அது வேறு கதை.)

அந்தப் போருக்காகக் கொடுத்த பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மெடல் பக்கத்தில் மட்டும் இரண்டும் இல்லை. சுதந்திர வெள்ளிவிழா மெடல் ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. ஒரு அலுவலகத்தில் கேட்டதற்கு, "பென்ஷன் வருதில்ல, அப்புறம் என்ன?" என்றார்கள். பணத்துக்காகக் கேட்கவில்லை ஐயா. எண்பது வயதில் அவர் கேட்கிற ஒரே விஷயம் இது.

ராணுவத்தினரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதும்போது மெடலின் போட்டோ போதுமா, அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையே அனுப்பச் சொல்வார்களா? அசலைத் தபாலில் விட பயமாக இருக்கிறது. பழைய பார்ட் டூ ஆர்டர் (வீரரின் பணி விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவு) நகலை ஆர்டிஐ போட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனு அப்பா கையெழுத்தில்தான் போக வேண்டுமா? அவருக்குக் கை நடுங்குகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போனவர்களும் அனுபவத்தைச் சொல்லுங்கள்.