இணையத்தில் உயிர்ச்சுவடு தேடிய அனுபவம் உண்டா?

உவர்மலை டீச்சர்:
உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் சிப்பியும் பவளமும் தெரிகின்றன, கோணேசர் மலையில் ஏன் ஒன்றும் இல்லை?" யாழ்ப்பாணக் கல் மயோசீன் காலக் (சுமார் 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய) கடலடிப் படிவு. நம் திருகோணமலைப் பாறையோ கேம்பிரியன் காலத்துக்கும், அதாவது 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதில் உயிர்ச்சுவடு (கல்லில் பதிந்த பழைய உயிர்களின் எச்சம்) தேடுவது வீண். வேறு ஊர்ச் சுவடுகளையாவது காட்டலாம் என்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் தரவுத்தளத்தைத் திறந்தோம். சுமார் 8 கோடி மாதிரிகள் உள்ள இடம். இணையத்தில் ஏறியிருப்பது ஒரு பகுதிதான். மாதிரிகளோடு உள்ள பழைய விவரச் சீட்டுகளில் நம் நாட்டின் பெயர் சிலோன் என்று இருக்கும், ஆகவே இரண்டு பெயராலும் தேடினோம். உங்கள் அனுபவம் எப்படி?

நிலாவெளியான்:
டீச்சர், நான் புலம்பெயர்ந்த ஊரில் ஒரு நூதனசாலையில் தொண்டனாகச் சுவடுகளைப் பதிந்திருக்கிறேன். படம் எடுப்பது சுலபம். சீட்டை வாசிப்பதுதான் உயிரை வாங்கும். கல்லில் ஒட்டிய எண், இழுப்பறைச் சீட்டு, பழைய பதிவேடு, மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். சீட்டில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே தரவுத்தளத்தின் ஒரு புலத்தில் (விவரம் நிரப்பும் கட்டத்தில்) ஏற்றவேண்டும். இன்றைய நாடு, மாவட்டம், பாறையின் காலம் எல்லாம் தனித்தனிப் புலங்கள். 2009இல் ஏற்கப்பட்ட டார்வின் கோர் (Darwin Core) என்ற உயிரினத் தரவு நியமம் இந்தப் புலங்களுக்குப் பொதுப் பெயர் கொடுத்தது. அதனால்தான் ஜிபிஃப் (GBIF) என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்தில் பல நாட்டு நூதனசாலைகளை ஒரே தேடலில் அலச முடிகிறது.

இடம் குறிப்பதில்தான் சண்டையே. சீட்டில் "யாழ்ப்பாணம்" என்று மட்டும் இருந்தால் அது கீரிமலையா, காங்கேசன்துறையா, யாரோ வீட்டுக் கிணற்றடியா? நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி இத்தனை மீற்றருக்குள் எங்கோ கிடைத்தது என்று ஆரையையும் எழுதுவோம். பார்ப்பவர்கள் புள்ளியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆரையை வாசிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கிண்ணியா வாப்பா:
என் மகனுக்கு வேண்டியது இரத்தினபுரி நீர்யானை. (ஆம், இலங்கையில் நீர்யானை இருந்தது. இரத்தினக்கல் குழிகளில் கிடைத்த எலும்புகளை வைத்துத் தொல்லுயிர் ஆய்வாளர் தெரணியகல எழுதியிருக்கிறார்.) சாதாரணப் பெயரில் தேடிக் களைத்துவிட்டான், ஜிபிஃப் தளத்தில் ஹெக்சாபுரோட்டடன் (Hexaprotodon) என்ற விஞ்ஞானப் பெயரைக் கொடுங்கள், உயிர்ச்சுவடு மாதிரி என்ற வடிகட்டியையும் போடுங்கள்.

நிலாவெளியான் தம்பி சொன்ன புள்ளிக் கதையில் இதையும் சேர்க்கலாம்: அகலாங்கு, நெட்டாங்கு தெரியாத இடத்தில் யாரோ இரண்டிலும் பூச்சியத்தை நிரப்பியதால், நம் நாட்டுச் சுவடொன்று ஆபிரிக்காவுக்கு மேற்கே அத்திலாந்திக்கில் நிற்கிறது. மாதிரியை வைத்திருக்கும் நூதனசாலைக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிப் பதில் வந்தது. சுவடு இன்னும் கடலில்தான் நிற்கிறது.