கரண்ட் மெஷினை முகத்தில வைச்ச திருகோணமலை ஆக்கள்: மறக்கேலாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கோ

உவர்மலை மூத்தவள்

அந்தக் கண்ணாடிக் குழாய் மெஷின்தான், ஊதா வெளிச்சம் வாறது. என்ன விலை, எங்க வாங்கினது எண்டு கேக்காதேங்கோ, இப்ப எல்லார் வீட்டு லாச்சியிலயும் ஒண்டு கிடக்கு. 38 வயசில நாடியில பருவும் கண்ணோரத்தில சுருக்கமும் ஒண்டா வருமெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்ல, அதால வாங்கினனான்.

ராத்திரி எட்டரை மணி. காளான் மாதிரிக் குழாயைப் பூட்டி நாடியில உருட்டிக்கொண்டிருக்கிறன், தேனீ மாதிரி இரையுது. அம்மா குசினியால வந்தா. "என்ன பிள்ளை மணக்குது? இடி விழுந்த தென்னைக்குக் கிட்ட நிண்ட மாதிரிக் கிடக்கு" எண்டு கேட்டுக்கொண்டே என்ர கழுத்தில கையை வைச்சா. டிக். ஒரு சின்னப் பொறி. எனக்கும் சுள்ளெண்டது, அவவுக்கும் சுள்ளெண்டது. கையை உதறிப்போட்டுச் சிரிச்சா. "எறும்பு கடிச்ச மாதிரிக் கிடக்கு" எண்டா. பிறகு இடியப்பம் அவிக்கப் போயிட்டா.

அம்மாவுக்கு இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைச்சு ரெண்டு வருசம்.

மெஷினோட வந்த தாளில இருந்தது. வாசிச்சனான். பேஸ்மேக்கர் உள்ளவை, வலிப்பு உள்ளவை, கர்ப்பிணிகள் பாவிக்கக் கூடாதெண்டு. எனக்கு அதொண்டும் இல்லைத்தானே எண்டுபோட்டு அடுத்த வரிக்குப் போயிட்டன். பாவிக்கிற என்னை ஆராவது தொடுவினம் எண்டு யோசிக்கவே இல்லை. அண்டைக்கு ராத்திரி முழுக்க அம்மாவின்ர கட்டிலடியில இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தன். அவ நல்லாக் குறட்டை விட்டா. இன்னும் சொல்லேல்ல.

பரு? அமுங்கினது. அதுதான் கூடக் கரைச்சல்.

பாலையூற்றுப் பெடியன்

அக்கா, எனக்கு மெஷின் இல்லை, முகத்தில போடுற லைட் மாஸ்க். நீல வெளிச்சம், 415 நானோமீட்டர். பருக் கிருமி தனக்குள்ள ஒரு சாமானைச் சேர்த்து வைச்சிருக்குமாம், அதில இந்த நீலம் பட்டா அந்தக் கிருமியே செத்துப்போகும். விசயம் உண்மைதான். சிவந்து வீங்கி நிக்கிற பரு பத்துக் கிழமையில நல்லாக் குறைஞ்சது. மூக்கில கிடக்கிற கருமுள்ளு ஒண்டுகூட அசையேல்ல, அதுக்கு இது சரிவராது. விட்ட ரெண்டாம் மாசம் பருவும் திரும்பி வந்திட்டுது.

நான் சொல்ல வந்தது அதில்லை. கச்சான் காத்து அடிக்கிற நாள், அறைக்குள்ள இருக்கேலாத புழுக்கம். விறாந்தையில சாய்மனைக் கதிரையைப் போட்டு லைட்டை நூத்துப்போட்டு மாஸ்க்கோட படுத்திட்டன். கேற்றுக்கு வெளியால ஒரு ஓட்டோ வந்தது. கிறீச் எண்டு பிரேக். அந்த மனுசன் இறங்கேல்ல, ஹோர்ன் அடிக்கேல்ல. கொஞ்ச நேரம் நிண்டிட்டு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனார். ஒழுங்கை முடியுமட்டும் பின்னுக்கே போனார். நான் கையைத் தூக்கி "அண்ணை, ஒண்டுமில்லை" எண்டு காட்டினதுதான் பிழைச்சுப்போச்சு. அடுத்த நாள் எங்கட ஒழுங்கைக்கு ஓட்டோ பிடிக்க அம்மா அரை மணித்தியாலம் நிண்டவ.

மூண்டாம் கட்டை வயர்மேன்

என்ர கதை சின்னன். தங்கச்சிக்குக் கனடாவில இருந்து மாமி ஒரு மெஷின் அனுப்பினவ, தோலைச் சூடாக்கி இறுக்கிற வகை. பிளக் ஓட்டைக்குப் போகேல்ல எண்டு அவள் கடையில ஒரு அடப்டர் வாங்கிப் பூட்டிப் போட்டாள். ரெண்டு செக்கனில பொத் எண்டு சத்தம், கறுப்புப் புகை. நல்ல காலம் முகத்தில வைக்க முந்தி மேசையில கிடந்தது. மேசைவிரிப்பில கைப்பிடி அளவுக்கு ஒரு பொத்தல், அதை இப்பவும் பூச்சாடியால மறைச்சு வைச்சிருக்கினம்.

இனிக் கவனமா வாசியுங்கோ. அடப்டர் எண்டது முள்ளின்ர வடிவத்தை மாத்துற சாமான் மட்டும்தான். தட்டை முள்ளைச் சதுர முள்ளாக்கும், வோல்ட்டைத் தொடாது. அங்க 120 வோல்ட், இங்க 230. சூடாக்கிற சாமானுக்கு வோல்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. மெஷின்ர அடியில இல்லாட்டிச் சார்ஜர் கட்டையில சின்ன எழுத்தில இருக்கும்: 100–240 எண்டு இருந்தா பயமில்லாமப் போடலாம். 120 எண்டு மட்டும் இருந்தா இங்க போடாதேங்கோ, திருப்பி அனுப்புங்கோ. வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு சில பேர் சொல்லுவினம். அது 30 மில்லி அம்பியர் நிலத்துக்குக் கசிஞ்சாத்தான் விழும், வோல்ட் கூடினா அதுக்கு ஒண்டும் தெரியாது. மாசத்துக்கொருக்கா அதின்ர ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கோ. எத்தினை வீட்டில அது விழவே விழாம இறுகிக் கிடக்கெண்டு எனக்குத்தான் தெரியும். பிறகு, கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள், உப்புக் காத்துக்கு முள்ளில பச்சை பிடிக்கும். பச்சை பிடிச்ச முள்ளு சூடேறும். குளியலறைக்குள்ள, ஈரக் கையோட, சார்ஜில போட்டபடி பாவிக்கவே கூடாது.

உவர்மலை அக்காவுக்கு: அந்த மணம் ஓசோன். மின்னலடிச்சா வாற அதே மணம்தான், உங்கட அம்மா சரியாத்தான் சொன்னவ. யன்னலைத் திறந்து வையுங்கோ, இழுப்பு உள்ள ஆக்களுக்கு அது கூடாது. ஸ்பிரிட் கலந்த திரவம் எதையும் பூசிப்போட்டு அந்தக் குழாயை வைக்காதேங்கோ, பொறியில பத்தும். மற்றபடி அது 1891இல டெஸ்லா எண்ட விஞ்ஞானி செய்த சுருளின்ர பேரப்பிள்ளை. வோல்ட் ஆயிரக்கணக்கில, கரண்ட் தூசளவு. சும்மா பயப்பிடாதேங்கோ.

கிண்ணியாப் பொண்ணு

வயர்மேன் நானா, நீங்க சொன்ன கடைசி வரி சரியில்லை. நல்லாயிரிக்கிற மனுசருக்குத் தூசளவு. பேஸ்மேக்கர் எண்டது இதயத்தின்ர சின்னச் சின்னக் கரண்டை ஒட்டுக் கேட்டுக்கொண்டிரிக்கிற சாமான். வெளியால வாற இரைச்சலையும் இதயமெண்டு நினைச்சா அது பிழையா நடக்கும். "சும்மா பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்ல நீங்க ஆரு? அக்கா, உம்மாவை இதயக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்க. அவங்க மெஷினை வைச்சுப் பார்ப்பாங்க, உள்ள என்ன பதிஞ்சிரிக்கெண்டு.

என்ட கதை மங்கு. ரெண்டாவது புள்ளைக்குப் பொறகு ரெண்டு கன்னத்திலயும் கறுப்புப் படையா வந்தது. சிவப்பு வெளிச்ச மாஸ்க் போட்டா தோல் இளமையாகும், மங்கும் போகுமெண்டு விளம்பரத்தில கண்டு வாங்கினன். அதில நீலம், மஞ்சள் எண்டு ஏழு நிறம் இரிக்கு, காசு குடுத்ததுதானே எண்டு எல்லாத்தையும் போட்டன். மாஸ்க் நல்லாச் சூடாகும், வேர்க்கும். ஆறு கிழமை. ஒரு கலியாண வீட்டில பந்திக்கு இருந்தநேரம் மதினி தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே, "முகத்தில சட்டிக்கரி பட்டிரிக்கு, துடைங்க" எண்டாங்க. முந்தானையால துடைச்சன். பொறகும் துடைச்சன். அது கரி இல்லையெண்டு எனக்குத் தெரியும், அப்படியிரிந்தும் அவங்களுக்கு முன்னால துடைச்சுக்கொண்டே இருந்தன். இப்ப சட்டி கழுவுறபோதெல்லாம் அந்தக் கோப்பைதான் ஞாபகம் வரும்.

தோல் டொக்டர் சொன்னது: எங்கட நிறத்துக்கு மங்கு வெயிலால மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தாலயும், முக்கியமா நீலத்தாலயும், சூட்டாலயும் கறுக்கும். வெள்ளையா இரிக்கிற சன் கிறீம் அந்த வெளிச்சத்தை மறிக்காது, இரும்பு ஒக்சைட் சேர்ந்த தோல் நிறக் கிறீம்தான் மறிக்கும். மாஸ்க்கை மகன் எடுத்து ரோபோ விளையாடுறான்.

மனையாவெளி மல்லிகை

எனக்கு இன்னும் கேவலம். லண்டனில இருந்து பெரியம்மா கொண்டுவந்தது, பளிச் பளிச் எண்டு வெட்டுற ஐபிஎல், வெளிச்சத்தால முடி எடுக்கிற மெஷின். மேலுதட்டு முடிக்கும் முகத்து அடையாளத்துக்கும் நல்லதாம். முதல்ல கையில வைச்சுப் பார்க்கச் சொன்னா. வைச்சன். வெட்டேல்ல. சிவப்பு லைட் மட்டும் மினுங்கிச்சு. கன்னத்தில, கழுத்தில, எல்லா இடத்திலயும் சிவப்பு. பெரியம்மா தன்ர கையில வைச்சா, அவவுக்கும் சிவப்பு. கடைசியா என்ர உள்ளங்கையில வைச்சன், பளிச் எண்டு வெட்டிச்சு. வீடே சிரிச்சது. நானும் சிரிச்சன், ராத்திரி அழுதன்.

கறுத்த தோல் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிச் சுட்டுப்போடும், அதுக்காகத்தான் மெஷின் தானாவே மறிக்குது எண்டு பிறகு வாசிச்சன். என்னைக் காப்பாத்தின மெஷின்தான். இருந்தாலும் ஒரு பிளாஸ்ரிக் சாமான் என்ர நிறத்தைப் பார்த்து மாட்டன் எண்டு சொன்னது மனசை விட்டுப் போகுதில்லை.

லிங்கநகர் மாமி

பிள்ளையள், நான் பாவிச்சது மைக்ரோ கரண்ட், மெல்லிசான கரண்டால முகத்தை இறுக்கிற மெஷின். ரெண்டு குண்டு இருக்கும், ஜெல் பூசி நாடியில இருந்து மேல இழுக்கிறது. ஜெல் முடிஞ்சிட்டுது எண்டு ஒருநாள் தண்ணியைத் தடவிப் போட்டன், ஊசி குத்தின மாதிரி இழுத்துது. அது பரவாயில்லை. பத்திரகாளி அம்மன் கோயில் தேருக்குப் போக வெளிக்கிட்டு, வலப்பக்கம் இழுத்து முடிய சார்ஜ் போயிட்டுது. நேரமும் போயிட்டுது. அப்படியே போனன். தேருக்கு முன்னால எடுத்த படத்தில என்ர வலப் புருவம் ஆரையோ கேள்வி கேக்கிற மாதிரி நிக்குது. இவர் அந்தப் படத்தைத்தான் போனில வைச்சிருக்கிறார். பின்னேரம் பார்த்தா ரெண்டு புருவமும் ஒரே மட்டம். அவ்வளவுதான் அதின்ர ஆயுசு, விடாமச் செய்யவேணும்.

நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இதெல்லாம் வேண்டாம். கன்னியாவில ஏழு கிணறு இருக்கு, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு. கிழமைக்கொருக்கா விடியப் போய் ஏழிலயும் வாளியால அள்ளி ஊத்துங்கோ. கஸ்தூரி மஞ்சள், கடலைமா, தயிர் எண்டா ஒரு பருவும் நிக்காது. எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறையுங்கோ. நித்திரை வேணும், போனோட படுக்காதேங்கோ. மனையாவெளிப் பிள்ளை, கறுப்பு வடிவு, அழாதை. பாலையூற்றுத் தம்பி, விறாந்தையில படுக்காதை, நுளம்பு, டெங்கு வரும். தண்ணி நிக்கிற சிரட்டையளைக் கவிழ்த்து விடு. உவர்மலைப் பிள்ளை, இன்னும் கலியாணம் ஆகேல்லையோ? 38 எண்டது ஒரு வயசில்லை, எனக்குத் தெரிஞ்ச நல்ல இடம் ஒண்டு ஆறாம் கட்டையில இருக்கு.

பாலையூற்றுப் பெடியன்

மாமி, சூட்டுத் தண்ணியும் மஞ்சளும் என்ர பருவுக்கு முதல் போட்டதுதான், எரிஞ்சு கொப்பளிச்சது. அதால டொக்டரிட்டப் போனா அவர் தந்தது டொக்ஸிசைக்ளின் எண்ட கிருமிகொல்லி. அந்த மருந்து குடிக்கிற நாளில தோலுக்கு வெளிச்சம் ஒத்துவராது எண்டு மாஸ்க்கை விடச் சொன்னவர். 2019 யூலையில நியூட்ரோஜீனா கொம்பனி தன்ர பரு மாஸ்க்கை விற்பனையில இருந்து திருப்பி எடுத்ததும் இப்படித்தான்: சில கண் வருத்தம் உள்ள ஆக்கள், வெளிச்சம் ஒத்துவராத மருந்து குடிக்கிற ஆக்கள், இவைக்குக் கண்ணில பிழை வரலாமெண்டு. நுளம்பு பற்றிச் சொன்னது சரி.

மூண்டாம் கட்டை வயர்மேன்

கிண்ணியாத் தங்கச்சி சொன்னது சரி, பேஸ்மேக்கர் விசயத்தில நான் வாயைக் குடுத்திருக்கக் கூடாது. வோல்ட் பற்றிச் சொன்னதில மாற்றமில்லை.

உவர்மலை மூத்தவள்

எல்லாருக்கும் நன்றி. மாமி, நான் கலியாணம் கட்டி பதினொரு வருசம், அவர் கட்டாரில.

நேற்றுக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். வழியில சொல்லுவம் எண்டு நினைச்சன், ஓட்டோக்குள்ள அவ சந்தையில பாரை மீன் விலையைக் கதைச்சுக்கொண்டு வந்தா, சொல்லேல்ல. டொக்டருக்கு முன்னாலதான் சொன்னன். நெஞ்சில ஒரு வட்டச் சாமானை வைச்சுக் கொம்பியூட்டரில பார்த்தினம். ஒண்டும் பிழையாப் பதிவாகேல்லையாம். அந்த மெஷின் போடேக்க அம்மா அந்த அறைக்கே வரக்கூடாதெண்டு சொன்னவை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. ஒண்டும் சொல்லேல்ல.

வீட்டுக்கு வந்து மீன் வெட்டேக்கதான் வாய் திறந்தா. "அது அண்டைக்கு முழங்காலில வைச்சா நல்லாயிருக்குமெண்டு நினைச்சனான், கேக்க வெக்கமாக் கிடந்தது" எண்டா.