கூடை பின்னுகிறவர்கள், கூழ் காய்ச்சுகிறவர்கள்: மனத்தை விட்டுப் போகாத ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்

திருமங்கலத்துக்காரி

மதுரையில் ஒரு கைவினைக் கண்காட்சி. எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். நான் பின்னிய வயர் கூடையை அங்கே ஒரு கடையில் பார்த்தேன். விலைச்சீட்டில் 480 ரூபாய்.

என் கூடைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சிவன் கண் முடிச்சு, சிவப்பும் வெள்ளையும். கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தபோது சிவப்பு வயர் தீர்ந்துவிட்டது. உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பச்சையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மீதமிருந்த சிவப்பால் அதை மூடினேன். கைப்பிடியின் வளைவில் அந்தப் பச்சை நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்க்கும். அங்கேயும் எட்டிப் பார்த்தது.

வயர் ஏஜெண்டுடையது, எனக்குக் கூலி மட்டும். அந்த அளவுக் கூடைக்கு 90 ரூபாய். அதைச் சொல்லி அழ வரவில்லை, ஒப்புக்கொண்டுதானே பின்னுகிறேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கூடையைக் கவிழ்த்து, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "மெஷினில் போட்டதா, கையால் பின்னியதா? அடி இவ்வளவு சமமாக இருக்கிறதே" என்று கடைப் பையனிடம் கேட்டார். "கையால்தான் மேடம், கிராமத்துப் பெண்கள்" என்று சொல்லிப் பின்னால் தொங்கிய பேனரைக் காட்டினான் அந்தப் பையன். அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

அடி ஆடாமல் உட்காருவதற்காகத்தான் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாக இழுத்து விரல் நுனி காய்ப்பேறிப் போயிருக்கிறது. ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். அந்த அம்மா பேரம் பேசி 400 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனார்.

வடலூர்க்காரன்

அக்கா, படித்ததும் வயிறு எரிந்தது. என்னுடையது சாப்பாட்டு விஷயம்.

சென்னையில் அலுவலகம். மதியத்துக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுபோவேன். முதல் நாள் மாலை மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டி இறக்குவது. ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டால், அடுத்த நாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் அம்மன் கோவிலில் அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் அந்த நிறத்தைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர்கள் நாற்காலியை நகர்த்துவார்கள். ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டான 2023இல் எங்கள் கேண்டீனில் 'ராகி மால்ட்' 60 ரூபாய்க்கு வந்தது. நாற்காலியை நகர்த்திய அதே ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அது போகட்டும்.

புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார், கர்நாடகத்தில் மாண்டியாக்காரர். நான் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்கு இன்னும் கரைக்காத உருண்டையாகவே இருந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். "முத்தே?" என்று கேட்டார். அவர்கள் ஊர்க் கேழ்வரகுக் களி உருண்டை அது. ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று நான் யோசிப்பதற்குள் ஒரு விள்ளல் கிள்ளி, என் கீரைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். மெல்லவே இல்லை. அப்படியே விழுங்கினார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. மாண்டியாவில் முத்தேயைப் பல்லில் படவிட மாட்டார்களாம், மென்றால் வீட்டில் சிரிப்பார்களாம். இதற்குள் புளிப்பு எப்படி வந்தது என்று மட்டும் கேட்டார். அவர்கள் வீட்டில் மாவைப் புளிக்க வைப்பதில்லையாம்.

கேட்டு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பலர் உண்டு. என் டப்பாவில் கேட்காமல் கை வைத்தவர் அவர் ஒருவர்தான்.

கரிசல்காட்டான்

தம்பி, கூழ் என்றால் கம்பங்கூழ். கோவில்பட்டிப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். என் அனுபவம் சுருக்கமானது: மருத்துவமனை வராந்தாவில் ஒருவர் 'சர்க்கரைக்கு நல்லது' என்று கேழ்வரகுக் கஞ்சியைப் பாட்டிலில் ஊற்றி வைத்து, மணிக்கொரு தரம் குடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே அவருக்குச் சர்க்கரை எகிறியது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். உண்மைதான், பாலில் அது 120 மில்லிகிராம் அளவுதான். ஆனால் அந்த 100 கிராம் உலர்ந்த மாவுக் கணக்கு. ஒரு செம்புக் கூழில் கரைகிற மாவு 40 கிராம் தேறுமா? அதிலும் தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் முழுதாகச் சேராது. முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிகள் புளிக்க வைத்ததன் பலன் அது. அந்த வகையில் வடலூர்க்காரர் செய்வது சரி, மாண்டியாக்காரர்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் குடித்தால் அரிசிக் கஞ்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. குருணையாக உடைத்து, கெட்டியாகச் சமைத்து, காய்கறியோடு மென்று சாப்பிட வேண்டும். கம்பு மாவு வாங்குகிறவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம், மாவு சீக்கிரம் சிக்கடித்துக் கசக்கும். கம்பாக வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசிறி, இடித்துப் புடைத்து, அவ்வப்போது உடைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் போதும். காய்ச்ச மண்சட்டிதான் நல்லது. புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு வடித்த கஞ்சியை ஊற்றி மிதமான தீயில் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

மஞ்சள்பை

திருமங்கலம் சகோதரி, நீங்கள் வாய் திறந்திருக்க வேண்டும். ஒரு கூடைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்குப் பதினோரு ரூபாய்தான் வருகிறது. நாற்று நடப் போனால் இதைவிட அதிகம். பத்துப் பேர் சேர்ந்து வயரை மொத்தமாக வாங்கிப் பின்னி, நேரடியாக விற்க வேண்டும். சுய உதவிக் குழுவாகப் பதிவு செய்தால் வங்கிக் கடனும் கிடைக்கும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. வயர் கூடையும் பிளாஸ்டிக்தான். 2019இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை தடை வந்தபோதும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோதும் வயர் கூடைக்காரர்கள் தங்கள் காலம் திரும்பிவிட்டது என்றார்கள். துணிப்பைதான் என் கட்சி. பழைய வேட்டி ஒன்று இருந்தால் மூன்று பை வரும், நூலைத் தவிரச் செலவில்லை. அடியில் இரண்டு ஓரங்களையும் மடித்து இரட்டைத் தையல் போட்டால் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு தாங்கும்.

சொல்ல வந்தது: உழவர் சந்தையில் கீரை விற்கிற ஒரு பாட்டியிடம் அந்தப் பையை நீட்டினேன். வாங்கி, ஓரத்திலிருந்த மயில்கண் கரையை விரலால் தடவினார். "கரைவேட்டி ஐயா இது, இதில் மண்ணோடு கீரையைப் போடச் சொல்கிறீர்களே" என்று அதட்டிவிட்டுத் தன் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். பை காலியாகவே வீட்டுக்கு வந்தது. அடுத்த வாரமும் அதே பாட்டி, அதே அதட்டல். இப்போது அவரிடம் போகும்போது மட்டும் சாயம் போன சேலையில் தைத்த பையை எடுத்துப் போகிறேன்.

திருமங்கலத்துக்காரி

மஞ்சள்பை அண்ணா, குழு எங்கள் தெருவிலும் இருக்கிறது. விற்பதற்கு யார் மதுரைக்கும் திருச்சிக்கும் அலைவது? கண்காட்சியில் கடை போட வாடகை எவ்வளவு என்று விசாரித்திருக்கிறீர்களா? நாற்று நடப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? கூடை என்றால் உலை கொதிக்கும்போதும் பின்னலாம், அதனால்தான் பின்னுகிறோம்.

வயர் பிளாஸ்டிக் என்பது சரி. என் மாமியார் பின்னிய நெல்லிக்காய் முடிச்சுக் கூடை என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கைப்பிடியை மட்டும் இரண்டு முறை மாற்றினோம். உங்கள் வேட்டிப் பை எத்தனை வருடம் வரும்?

மாடிவீடு

பக்கத்து மனையில் கட்டட வேலை. நான் மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். ஈர வேட்டி விரித்து, நான்கு முனைக்கும் செங்கல் வைத்து, காக்கைக்குக் கறுப்புக் குடை. சாரத்தில் நின்ற ஒரு பையன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல். "என்னப்பா?" என்று கேட்டேன். "போரி, போரி" என்றான். ஒன்றும் புரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியோடு மேலே வந்து போனில் படம் காட்டினான். மேற்கு வங்கத்தில் மேதினிபூர்ப் பக்கம் அவன் ஊர். தட்டு நிறையக் கசகசாவைப் பரப்பி, அதன்மேல் உளுந்து மாவால் வளையலும் நெக்லஸும் ஜிமிக்கியுமாக இழுத்திருக்கிறார்கள். அதைத்தான் வெயிலில் காயவைத்து எண்ணெயில் பொரிப்பார்களாம். 'கயனா போரி', நகை வடகம். குளிர்காலத்தில் பெண்கள் போடுவது, அவன் அம்மா கை தேர்ந்தவராம். நம் ஊர் வெயிலில் என்னவெல்லாம் போடலாம் என்று மேஸ்திரியைத் தமிழில் சொல்லச் சொல்லி அங்கலாய்த்தான்.

சட்டியில் கொஞ்சம் கூழ் மிச்சமிருந்தது. கழுவிக் காயவைத்திருந்த பால் கவர் ஒன்றை எடுத்தான். நுனியைப் பல்லால் கடித்துத் துளை போட்டு, கூழை நிரப்பி, வேட்டியின் ஓரத்தில் குந்தினான். சிமெண்டுக் கறை ஏறிய விரல்கள். கை நடுங்காமல் ஒரே இழுப்பில் ஒரு பதக்கம், அதைச் சுற்றி முத்து முத்தாகப் புள்ளி, கீழே மூன்று தொங்கல். அரிசிக் கூழ் அல்லவா, உளுந்து மாதிரி நிற்காமல் கொஞ்சம் பரந்தது. அவனுக்குத் திருப்தியில்லை, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டான். மேஸ்திரி நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதை உளுந்தில் போட்டுக் காட்டச் சொல்வதற்குள் தளம் போட்டு முடித்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பதக்கத்தை என் மகள் பொரிக்க விடவில்லை.

தூத்துக்குடி அத்தை

பால் கவரைப் பல்லால் கடித்தா? இதையெல்லாம் பெருமையாக எழுதுகிறீர்களே. வேட்டித்துணியைக் கூம்பாகத் தைத்து நுனியில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், துவைத்துத் துவைத்து வருடக்கணக்கில் பயன்படும். வடகக் கூழில் உப்பு ஒரு கல் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கூழில் சரியாக இருந்தால் காய்ந்தபின் கரிக்கும். ஒரு வெயிலில் மேல்பக்கம் காய்ந்ததும் துணியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுங்கள். பிய்த்து எடுத்தால் உடையும். அதற்குப் பிறகு இரண்டு வெயில் தட்டில் காயவேண்டும். உடைத்தால் டப்பென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டு வடகத்தை எண்ணெயில் பொரிக்கிறீர்கள், அதுவும் சரியில்லை. வற்றல் குழம்பில் போடுங்கள்.

வயரா துணியா என்று சண்டை வேண்டாம். எங்கள் பக்கம் பனையோலைப் பெட்டி இருக்கிறது. கருப்பட்டி, கருவாடு, எது வைத்தாலும் வேர்க்காது. குருத்தோலையில் முடைய வேண்டும், முற்றிய ஓலை மடித்த இடத்தில் வெடிக்கும். எனக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது, பேத்தி போனைக் கேட்கிறாள். பிறகு எழுதுகிறேன்.

வடலூர்க்காரன்

கரிசல்காட்டான் அண்ணா, நான் சர்க்கரை பற்றியும் எழுதவில்லை, சுண்ணாம்பு பற்றியும் எழுதவில்லை. கம்பங்கூழுக்கு ஒரு தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன். மாண்டியாக்காரர் நாளைக்குப் பஸ்ஸாரு கொண்டுவருகிறார், கீரையும் பருப்பும் வேகவைத்து வடித்த தண்ணீரில் வைக்கிற குழம்பாம். நான் களியைக் கெட்டியாகக் கிண்டிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. மெல்லாமல் விழுங்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா பயந்துபோய் முதுகில் தட்டுகிறார்.