நாட்டுக்கோழிக்கு முடி கொட்டுது, முட்டையும் நின்னு போச்சு... பேன் புடிச்சிருக்கா, இல்ல தானா உதிர்க்குதா?

பொடக்காளிக்காரன்:
வணக்கங்க. பொள்ளாச்சி பக்கம், வீட்டுப் பொடக்காளில, அதாங்க கொல்லைப்பக்கம், கொஞ்சம் கோழி வெச்சிருக்கோம். எல்லாம் நாட்டுக்கோழி, ஒரே சேவல், அதுபோக வேன்ல வித்துட்டு வந்தவங்ககிட்ட வாங்குன வெள்ளை முட்டைக்கோழி ஒண்ணு. ஐப்பசி மழை புடிச்சதுல இருந்து கருப்புப் பெட்டைக்கு முடி கொட்டுது, மொதல்ல தலை, கழுத்து, அப்புறம் நெஞ்சு, இப்ப வாலே இல்ல, காலைல கூண்டத் தொறந்தா ஒரே இறகா கெடக்குது. முட்டையும் நிப்பாட்டிருச்சு, கொண்டை சுருங்கி வெளுத்துப் போச்சு, ஆனா தீனி நல்லா எடுக்குது, கழிச்சல் ஒண்ணும் இல்ல. செவலைப் பெட்டை ஒண்ணு அடைல இருந்து எந்திரிச்சு குஞ்சோட திரியுது, அதுக்கு வயித்துல மட்டும் முடி இல்ல, சும்மா சும்மா அலகால கோதிக்கிட்டே இருக்குது. இன்னொண்ணுக்கு முதுகு மட்டும் மொட்டை. மூணும் ஒரே சீக்கா? தீவனக் கடைல கேட்டா ஒரு டானிக்க எடுத்து நீட்டுறாங்க, எங்கம்மா கருப்பிய ஞாயித்துக்கிழமை கொழம்பு வெச்சரலாம்ங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொடாப்பு_தாராபுரம்:
மூணும் வேற வேற சங்கதிங்க தம்பி.

கருப்பி இறகு மாத்துது, அவ்வளவுதான். தலைல ஆரம்பிச்சு கழுத்து, நெஞ்சு, முதுகு, றெக்கை, வாலுன்னு வரிசையா உதிர்ந்தா பயப்பட வேண்டாம், ஒண்ணு ஒன்றரை வயசு தாண்டுன பெட்டைக்கு வருசத்துக்கு ஒருக்கா வர்றதுதான். புடிச்சு வெளிச்சத்துல பாருங்க, மொட்டையான எடத்துல தோலுக்குள்ள இருந்து முள்ளு முள்ளா நீலம் பாஞ்ச குருத்து வந்திருக்கும், அதுமேல வெள்ளையா ஒரு ஒறை இருக்கும். கோழி அத அலகால உரிச்சு உரிச்சு விடும், அந்தத் தூளுதான் கூண்டுல கொட்டிக் கெடக்கும், அதப் பாத்துட்டுப் பொடுகுன்னு மருந்து வாங்கப் போயிராதீங்க. குருத்துக்குள்ள ரத்தம் ஓடுது, தொட்டா வலிக்கும், ஒடிஞ்சா ரத்தம் கொட்டும், ரத்தத்தப் பாத்தா மத்த கோழி விடாம கொத்தும். அதனால ஒருக்காப் பாத்துட்டு விட்ருங்க, சும்மா சும்மா புடிக்க வேண்டாம். இந்தக் குருத்தோட இருக்கற கோழிய முடி புடுங்கறது பெரும்பாடுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க, கொழம்பு ஆசை தானா போயிரும் 😄

முதுகு மொட்டைக்குக் காரணம் உங்க சேவல். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டையாச்சும் இருக்கோணும், கம்மியா இருந்தா அதுக்குப் புடிச்ச ஒருத்தி மேலயே ஏறிட்டு இருக்கும். அந்த முடி வேரோட விழுந்திருக்காது, பாதில ஒடிஞ்சு காம்பு நிக்கும். காம்பு உள்ள நிக்கற வரைக்கும் புதுசு மொளைக்காதுங்க, அடுத்த தடவ உதிர்க்கறப்பதான் சரியாகும். சேவலோட கால் முள்ளு நுனிய மட்டும் மழுக்கி விட்டு, கொஞ்ச நாளைக்கு அதைத் தனியாக் கொடாப்புல, கோழி அடைக்கற கூடைல, போட்டு மூடுங்க.

கால்நடை_மாணவி:
அண்ணா சொன்னது சரி. ஒரு விஷயம் சேத்துக்கறேன், வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு நம்மூர்ல நெறைய பேர் கொழம்பிக்கறாங்க. பகல் நேரம் கொறையறதுதான் இறகு உதிர்ப்புக்கு முக்கியமான தூண்டுதல். இங்கிலாந்து மாதிரி எடத்துல கோடைக்கும் குளிருக்கும் பகல் பல மணி நேரம் மாறும், அதனால செப்டம்பர், அக்டோபர்ல கூண்டே சேந்தாப்புல உதிர்க்கும். பொள்ளாச்சில ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் சுமாரா ஒண்ணேகால் மணி நேரம்தான். அதனால இங்க எல்லாம் ஒண்ணா உதிர்க்கணும்னு இல்ல, அடை படுத்து எந்திரிச்சதும் உதிர்க்கும், தீனி கொறைஞ்சாலோ நாய் தொரத்திப் பயந்தாலோ ஒரு நாள் தண்ணி இல்லாம கெடந்தாலோ கூட உதிர்க்கும்.

டானிக்குக்குப் போடற காச தீனில போடுங்க. இறகுல 85 சதவீதத்துக்கு மேல புரதம், அதுவும் மெத்தியோனின், சிஸ்டீன்னு கந்தகம் இருக்கற வகை நெறைய வேணும். அரிசிக் குருணைல 8 சதவீதம், கம்புல 11, 12 சதவீதம்தான் புரதம், இத மட்டும் போட்டா இறகு வர மாசக்கணக்குல இழுக்கும். 18 முதல் 20 சதவீதம் வர்ற மாதிரி பாத்துக்கங்க. கடலைப் புண்ணாக்கு நல்லதுதான் ஆனா மழைக்காலத்துல பூசணம் புடிச்சத போடவே கூடாது, அதுல இருக்கற அஃப்ளடாக்சின்ங்கற நஞ்சு ஈரலக் கெடுத்துரும். கருவாட்டுத் தூள்னா உப்புப் போடாத கருவாடா கேட்டு வாங்குங்க. கரையான் கெடைச்சா அதவிட ஒண்ணும் இல்ல. முட்டை நின்னதுக்குக் கவலைப்படாதீங்க, இறகுக்கும் முட்டைக்கும் ஒரே நேரத்துல சத்து பத்தாது, ரெண்டு மூணு மாசத்துல கொண்டை திரும்பச் செவக்கும், அப்புறம் முட்டை வரும். மளமளன்னு உதிர்த்து மொட்டையா நிக்கற கோழி பாக்க அசிங்கமா இருந்தாலும் பெரும்பாலும் அதான் நல்ல முட்டைக்கோழி, கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல உதிர்க்கறது சுமார் ரகம்.

திருநெல்வேலி_அத்தை:
செவலையப் பத்தி யாருமே சொல்லலையே. அடை படுக்குற கோழிக்கு வயித்து முடி உதிரத்தான் செய்யும், முட்டையில நேரா சூடு படணும்லா. ஆனா கோதிக்கிட்டே இருக்குன்னா பேன் பாருங்க. அடையில இருக்கும்போது அது மண்ணுல பொரளாது, அந்தச் சமயத்துல பேன் பெருகிப்போவும், பொரிச்ச குஞ்சு மேலயும் ஏறிரும்.

ராத்திரி கோழி அடைஞ்சப்பறம் டார்ச் எடுத்துட்டுப் போங்க. கோழியத் தூக்கிப் பின்பக்கத்து முடிய வெலக்கிப் பாத்தா, முடியோட அடிக்காம்புல பாதி வெந்த ஜவ்வரிசி கணக்கா வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும், அது பேன் முட்டை. பேனு மஞ்சளா வேகமா ஓடும். கோழி மேல ஒண்ணும் இல்லாட்டி கூண்டுச் சந்து பொந்து, அது ஒக்காருற கம்புக்கு அடியிலன்னு பாருங்க, பேன் இல்லாத வேற ஒரு வகைப் பூச்சி பகல்ல அங்க ஒளிஞ்சு கெடந்து ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிக்கும், வெள்ளைத் துணிய வச்சுத் தேச்சா செவப்பா ஒட்டும்.

கூரைக்கு அடியில மழை படாத எடமா ஒரு குழி தோண்டி, காஞ்ச மண்ணும் ஆறுன அடுப்புச் சாம்பலும் வேப்பிலைப் பொடியும் கொட்டி வைங்க, அதுவே போய்ப் பொரளும். இப்ப மழையில மண்ணெல்லாம் சேறாக் கெடக்கும், அதான் கோழிக்குக் குளிக்க எடம் இல்ல. அடுத்த தடவ அடை வைக்கும்போது வைக்கோலுக்கு அடியில நொச்சி எலை போடுங்க. இடிக்கு முட்டை கூமுட்டை ஆயிரும்னு இரும்புத் துண்டு வைப்போம் பாருங்க, அதை வைக்க மறக்காத ஆளுக எலை போட மட்டும் மறந்துருவாங்க.

சண்டைச்சேவல்_ரசிகன்:
இவ்ளோ எதுக்கு, ஆட்டுக்கு உண்ணி மருந்து வெச்சிருப்பீங்கல்ல, தண்ணில கலந்து கோழிய ஒரு முக்கு முக்கி எடுங்க, அத்தனையும் செத்துரும்.

கால்நடை_மாணவி:
ப்ளீஸ் அப்படிப் பண்ணாதீங்க. அளவு ஒரு துளி கூடுனாலும் கோழி போயிரும், குஞ்சோட இருக்கற கோழிய மழை நாள்ல நனைக்கறதே தப்பு, குஞ்சு குளுர்லயே செத்துரும். மருந்து வேணும்னா பக்கத்து கால்நடை மருந்தகத்துல கேட்டு அவங்க சொல்ற அளவுல மட்டும். கரப்பான்பூச்சிக்கு அடிக்கற ஸ்ப்ரேயும் வேண்டாம்.

பொடக்காளிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி டார்ச்சோட போய்ப் பாத்தோம். கருப்பிக்கு அண்ணா சொன்ன மாதிரியே குருத்து, பேன் ஒண்ணுகூட இல்ல. செவலைக்குக் கொஞ்சம் பேன் இருக்கு. ஆனா நாங்க சந்தேகமே படாத வெள்ளைக்கோழிக்குத்தான் பின்பக்கம் கொத்துக் கொத்தா பேன் முட்டை! ஒரே கூண்டுலதான அடையுது, அதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

கால்நடை_மாணவி:
அது அலகப் பாருங்க, நுனி வெட்டியிருக்கும். பண்ணைல ஒண்ணையொண்ணு கொத்தாம இருக்க குஞ்சுலயே வெட்டிருவாங்க, அங்க முட்டைக் காலம் முடிஞ்சதும் கழிச்சு விக்கற கோழிதான் வேன்ல வருது. மேல் அலகு சரியா இல்லாததால இறகக் கோதிப் பேனப் புடிக்க முடியாது, அதனாலதான் அதுக்கு மட்டும் இவ்வளவு பெருகுது. அதத் தனியா வெச்சுக்கங்க. பேன் முட்டை அப்பியிருக்கற முடியக் கத்திரியால வெட்டி எரிச்சிருங்க, புடுங்க வேண்டாம்.

கொடாப்பு_தாராபுரம்:
ஒருக்கா மருந்து போட்டதோட விட்றாதீங்க தம்பி. பேன் செத்தாலும் முட்டை சாகாது, ஒரு வாரத்துல திரும்பப் பொரிஞ்சிரும், ஏழு டு பத்து நாள் கழிச்சு இன்னொருக்காப் போடோணும். கூண்டுத் தரைல கெடக்கறத வழிச்சு எரிச்சுட்டு, சந்துல எல்லாம் சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. அப்புறம், மருந்தகத்துல கேக்கறப்பவே எத்தன நாளைக்கு முட்டை திங்கக் கூடாதுன்னும் கேட்டுக்கங்க, வெள்ளை இன்னும் முட்டை வெச்சுட்டுத்தான இருக்கும்.