முதல் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மணல், எத்தனை கிலோ?

உப்புத்துளி:
தொட்டி 90 × 45 × 45 செ.மீ. நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் உண்டு, கடல்நீர் புதிது. இரண்டு க்ளௌன் மீன், மணல் சலிக்கும் கோபி ஒன்று, பிறகு ஹாலிகோரஸ் வகை ராஸ் மீன் ஒன்று, கொஞ்சம் மென்பவளம். இவ்வளவுதான் திட்டம். அரகோனைட் மணல், நொறுக்கிய பவளம், ஈரமாகப் பையில் வரும் லைவ் சாண்ட், நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல் என நான்கு வகை கண்ணில் படுகிறது. எதை வாங்குவது? அரகோனைட் போட்டால் பிஎச் தானாக நிற்கும் என்கிறார்களே, உண்மையா? கடற்கரை மணலைக் கழுவிப் போட்டால் என்ன கெடும்?

பவளமேடு:
உங்கள் மீன் பட்டியலே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. கோபி மணலை வாய் நிறைய அள்ளி, உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். பெரிய துகளில் அது முடியாது, வாயும் செவுளும் புண்ணாகும். ராஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும், மிரண்டாலும் உள்ளே பாயும். ஆகவே நொறுக்கிய பவளம் வேண்டாம். அதன் இடுக்குகளில் மீதித் தீனியும் கழிவும் இறங்கி அழுகி, நைட்ரேட் ஏறிக்கொண்டே இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

மாவு போன்ற மிக நுண்ணிய அரகோனைட்டும் உங்களுக்குச் சரிவராது. பவளத்துக்காக வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) போடும்போது அது பறந்து ஒரு மூலையில் குவியும், இன்னொரு பக்கம் கண்ணாடி தெரியும். 0.5 முதல் 1 மி.மீ. துகள் உள்ள உலர்ந்த அரகோனைட் வாங்குங்கள்.

அளவு: நீளம் × அகலம் × மணல் உயரம், எல்லாம் செ.மீ.யில், 1000-ஆல் வகுத்தால் லிட்டர். சராசரி 4 செ.மீ. என்றால் 90 × 45 × 4 = 16,200, அதாவது 16.2 லிட்டர். உலர் அரகோனைட் லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிலோ, எனவே 24 கிலோ. பாறை அடைக்கும் இடத்தைக் கழித்தால் 20 கிலோ போதும். எல்லா இடத்திலும் ஒரே உயரம் தேவையில்லை. முன்பக்கம் 3 செ.மீ., ராஸ் தூங்க ஒரு மூலையில் 5 அல்லது 6 செ.மீ. வையுங்கள்.

பிஎச் விஷயம் பாதி உண்மைதான். அரகோனைட் கால்சியம் கார்பனேட். நீரில் அமிலத்தன்மை ஏறினால் கரையும். ஆனால் பிஎச் 8.0–8.3 இருக்கும் கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் ஏற்கெனவே தெவிட்டிய நிலையில் இருப்பதால் அங்கே கரைய அதற்கு வழியே இல்லை. பிஎச் இறங்கப் பெரும்பாலும் மூடிய அறையில் சேரும் கரியமில வாயுதான் காரணம். ஜன்னலைத் திறந்துவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். காரத்தன்மையை, அதாவது பிஎச் இறங்காமல் தாங்கும் கார்பனேட் இருப்பை, நீர் மாற்றியோ அதற்கான மருந்தை அளவு பார்த்து ஊற்றியோதான் காக்க வேண்டும், மணல் அதைச் செய்யாது.

நண்டுவளை:
சிலிக்கா மணலைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. குவார்ட்ஸ் துகள் கடல்நீரில் கணக்கில் வரும் அளவுக்குக் கரைவதில்லை. முதல் வாரங்களில் பழுப்பாகப் படியும் டயாட்டம் என்ற நுண்பாசிக்குத் தீனி, பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில் கரைந்து வரும் சிலிக்கேட். ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்தினால் சீக்கிரம் ஓயும். இருந்தாலும் சிலிக்காவின் சில வகைகளில் துகள் முனை கூர்மை. கோபி வைப்பவர் தவிர்ப்பதே நல்லது.

பையில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், சும்மா கிடந்தால் சிலிக்கா. கறுப்பு மணல் என்றால் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டும் துகள் இருந்தால், கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் சிக்கிக் கீறல் போட்டுவிடும்.

கடற்கரை மணலில் எண்ணெய், உலோகம், சாக்கடை நீர் எது கலந்திருக்கிறது என்று தெரியாது. கழுவினால் தூசி போகும், ஒட்டியது போகாது. மணல் அள்ளத் தடை உள்ள கரைகளும் நிறைய.

லைவ் சாண்ட் பையில் இருப்பது பாக்டீரியாதான், புழுவோ கோப்பிபாடோ (நுண்ணிய ஓட்டுமீன்) அல்ல. அதைப் போட்டாலும் சைக்கிள் (கழிவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகி நிலைக்கும் காலம்) முடியும்வரை காத்திருக்க வேண்டும்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு வரவேண்டும். ஆரோக்கியமான பழைய தொட்டியிலிருந்து ஒரு கப் மணல் கிடைத்தால் உயிர் வகைகள் அதிகம் வரும். கூடவே ஐப்டேசியா (வேகமாகப் பெருகும் கடல் அனிமோன்), டைனோ (பிசுபிசுவென்று படரும் நுண்பாசி) போன்ற வேண்டாத விருந்தாளிகளும் வரலாம் என்பதால், கொடுப்பவர் தொட்டியை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அலைவரி:
வரிசை முக்கியம். முதலில் பாறையை நேரடியாக அடிக்கண்ணாடியில் ஆட்டமில்லாமல் உட்கார வையுங்கள். மணல் மேல் அடுக்கினால் கோபி அடியில் தோண்டும்போது சரிந்து கண்ணாடியை உடைக்கும். உலர் மணலைச் சிறு சிறு பங்காக வாளியில் போட்டு, கலக்கிக் கலக்கி, வடியும் நீர் தெளியும்வரை அலசுங்கள். கடைசி அலசல் ஆர்ஓ நீரில். லைவ் சாண்டைக் குழாய் நீரில் கழுவக் கூடாது, குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும்.

உப்பைத் தனி டப்பாவில் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 வந்தபின் தொட்டியில் ஊற்றுங்கள். மணல் மேல் ஒரு தட்டை வைத்து, நீர் தட்டில் விழுமாறு மெதுவாக. பம்பு, வேவ்மேக்கர் எல்லாம் அணைந்திருக்கட்டும், தூசி உறிஞ்சினால் உள்ளே தேயும். ஓரிரு நாள் பால்போல் கலங்கும். சற்றுத் தெளிந்தபின் ஃபில்டரில் பஞ்சு வைத்து ஓட்டினால் மீதி அடங்கிவிடும். வேவ்மேக்கரை நீர்மட்டத்தை நோக்கித் திருப்புங்கள்.

கோபியை முதல் மாதமே விடாதீர்கள். புது மணலில் அது தின்ன எதுவும் இருக்காது, மெலிந்து சாகும். சில மாதம் கழித்து, உறைந்த தீனி எடுக்கும் மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

உப்புத்துளி:
நன்றி. 10 செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போட்டால் நைட்ரேட் குறையும் என்கிறார்களே? பிறகு பராமரிப்பு எப்படி?

பவளமேடு:
குறையும். ஆக்சிஜன் இல்லாத அடி அடுக்கில் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும். ஆனால் அந்த மணலை உயிரோடு வைக்கும் புழு, சிறு ஓட்டுமீன்களையே உங்கள் கோபி தின்றுவிடும். ஆழமான படுகையைப் பின்னாளில் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும், அழுகிய முட்டை நாற்றம், மீனுக்கு நஞ்சு. 45 செ.மீ. உயரத் தொட்டியில் கால்பங்கு உயரத்தையும் அது விழுங்கும். வேண்டாம்.

ஒவ்வொரு நீர் மாற்றத்திலும் மணலில் நான்கில் ஒரு பகுதியை மட்டும் சைஃபன் செய்யுங்கள் (குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுங்கள்), அடுத்த முறை அடுத்த பகுதி. மணல் கட்டி கட்டியாக இறுகினால், காரத்தன்மை மருந்தை வேகமாக ஊற்றிக் கால்சியம் கார்பனேட் படியவிடுகிறீர்கள் என்று பொருள். அளவைக் குறையுங்கள், மக்னீசியத்தையும் அளந்து பாருங்கள், 1300 பிபிஎம் பக்கம் இருக்க வேண்டும்.

நண்டுவளை:
ராஸ் விட்டதும் இரண்டு மூன்று நாள் காணாமல் போகும். செத்துவிட்டது என்று மணலைக் கிளறித் தேடாதீர்கள், தானே வெளியே வரும். ராஸ், கோபி இரண்டுமே துள்ளும், வலை மூடி கட்டாயம்.