விளக்கு மாறியதும் கண்ணுக்குத் தெரிந்தது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ராப்பயணி:

சோடியம் விளக்கின் கீழ் பார்த்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. நெடுஞ்சாலை ஓரம், நள்ளிரவு தாண்டிய நேரம், பைக்கிலிருந்து விழுந்து ஒருவர் கிடந்தார். மேலே அந்தப் பழைய மஞ்சள் விளக்கு. அவர் காலுக்கடியில் கருப்பாக ஏதோ பரவிக்கொண்டிருந்தது. “வண்டியிலிருந்து ஆயில் ஒழுகுது, தள்ளி நில்லுங்க” என்று யாரோ கத்த, எல்லோர் பார்வையும் பைக் பக்கம் போய்விட்டது. அப்போதுதான் ஒரு லாரி ஓட்டுநர் டார்ச்சோடு வந்தார். தரையில் அடித்தார். வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் மட்டும் அந்தக் கருப்பு சிவப்பாகிவிட்டது. வட்டத்துக்கு வெளியே அதே ரத்தம் இன்னும் ஆயில் மாதிரியே கிடந்தது. அவர் துண்டை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார்.

சோடியம் ஆவி 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளை மட்டும்தான் தரும், சிவப்பைக் காட்ட அதில் சிவப்பு ஒளியே கிடையாது. படித்த விஷயம்தான். ஆனால் அந்த வட்டத்தின் ஓரம் இன்றும் கண்ணில் நிற்கிறது. விளக்கு விஷயத்தில் உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

லேத்துப்பட்டறை:

டியூப் லைட். பட்டறையில் எல்லா டியூபும் மின்சாரத்தின் ஒரே பேஸில், பழைய சோக் போட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் அளவெடுக்க வெர்னியரோடு குனிகிறான். சக், அதாவது லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றும் தலை, நிற்கிறது. நானும் பார்த்தேன், நிற்கிறது. மூன்று தாடையும் தனித்தனியாக, எண்ணலாம் போலத் தெரிகிறது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்ததால்தான் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வெர்னியர் கீழே விழுந்தது, சக் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த டியூப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 2000 சுற்று போனால், ஒவ்வொரு பிரகாசத்துக்கும் சரியாக மூன்றில் ஒரு சுற்று. ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். கண்ணுக்கு எல்லாம் அசையாமல் இருக்கும். இது தெரியாமல் யாரும் மெஷின் பக்கம் போகக்கூடாது.

நிறமானி:

ராப்பயணி சொன்னதில் ஒரு திருத்தம். குறை அழுத்த சோடியம் விளக்கு என்றால் மட்டுமே அது சரி. பல சாலைகளில் இருந்தது உயர் அழுத்தம், அதில் கொஞ்சம் சிவப்பும் உண்டு. குறை அழுத்த விளக்கைத் திட்டவும் வேண்டாம். குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 15 லூமென் வெளிச்சம் கொடுத்த இடத்தில் அது 150க்கு மேல் கொடுத்தது. வானியலாளர்களுக்கும் அது பிடிக்கும், ஒரே நிறம் என்பதால் வடிகட்டிவிடலாம். லிக் வானாய்வகத்துக்காகவே சான் ஹோசே நகரம் தெருக்களில் அதைப் போட்டது.

என் அனுபவம்: சுவரில் ஒட்டுப்போட்ட பெயிண்ட் இரவில் எல்.இ.டி. வெளிச்சத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒட்டு தனியாகத் தெரிகிறது.

அதனால் பல்பு வாங்குபவர்கள் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. போட்டிருக்கும், நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. அதை ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். சி.ஆர்.ஐ. 80 உள்ள பல்புக்கு ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீலச் சில்லும் அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சும்தான். அந்த நீலத்துக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 நோபல் பரிசு கிடைத்தது. துணி, மரம், ஓவியம் என்று வேலை செய்பவர்கள் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் வாங்குங்கள், ஆர்9 எவ்வளவு என்றும் கேளுங்கள். படுக்கையறைக்கு மஞ்சள் கலந்த 2700 கெல்வின் ஒளி போதும், நீலம் கலந்த 6500 வேண்டாம்.

இரவுப்பணி:

யாரும் கேட்காத பல்பு ஆலோசனை நீளமாக இருக்கிறது, இருந்தாலும் அந்த ஆர்9 விஷயத்தை எங்கள் வார்டில் ஒட்டிவைக்க வேண்டும். நான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர்.

மஞ்சள் காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் போடுவோம், கண்ணைக் கட்டி, உடம்பைத் திறந்துவிட்டு. 460 நானோமீட்டரை ஒட்டிய அந்த நீலம் தோலை மஞ்சளாக்கும் பிலிருபினை வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். ஒரு இரவு மானிட்டரில் ஆக்சிஜன் அளவு மெல்ல இறங்கியது. கம்பி நழுவியிருக்கும் என்றார் பயிற்சி மருத்துவர். குழந்தை முகத்தைப் பார்த்தால் நீலம். ஆனால் அந்த விளக்கில் என் கையும் நீலம், மெத்தையும் நீலம். எதை வைத்து முடிவு செய்வது? விளக்கை அணைத்தேன். அறையின் சாதாரண வெளிச்சத்தில் எல்லாம் தன் நிறத்துக்குத் திரும்பியது. உதடு மட்டும் திரும்பவில்லை. அடுத்த நொடி ஆக்சிஜன் வைத்தோம். இன்றைக்கும் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், நிறம் பார்க்க வேண்டுமென்றால் அந்த விளக்கை அணை.

இந்தச் சிகிச்சை தொடங்கியதே ஒரு செவிலியர் கண்ணால்தான். இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குழந்தைகளை வெயிலில் வைத்திருந்த சிஸ்டர் வார்ட், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்து, துணி மறைத்த இடத்தில் அப்படியே இருந்ததைக் கவனித்தார். அங்கிருந்த மருத்துவர்கள் 1958இல் லான்செட் மருத்துவ இதழில் நீல விளக்குச் சிகிச்சையைப் பற்றி எழுதினார்கள்.

லேத்துப்பட்டறை:

நிறமானி ஐயா, எல்.இ.டி.யிலும் மலிவான டிரைவர் (மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் சர்க்யூட்) போட்டால் அதே மினுக்கல் இருக்கிறது. பட்டறைக்கு அதைச் சொல்லுங்கள். நாங்கள் அப்புறம் டியூப்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மங்காதபடி மூன்று பேஸுக்கும் பிரித்துப் போட்டோம், ஒவ்வொரு லேத்துக்கும் தனியாக ஒரு குண்டு பல்பு வைத்தோம். இழை சூட்டைப் பிடித்துக்கொள்வதால் அது அவ்வளவாக மங்காது.

பழையசாமான்:

நிறத்தைப் பற்றி அல்ல, என்னுடையது சத்தம். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளைச் சேகரிக்கிறேன். ஒருமுறை இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியை மேசையில் வைத்திருந்தார், எப்போதாவது ஒரு டிக். நான் கொண்டுபோன பழைய மேண்டில் (விளக்கில் ஒளிரும் வலை) பாக்கெட்டைப் பக்கத்தில் நகர்த்தினார். ஓட்டின் மேல் ஆலங்கட்டி கொட்டுவதுபோல ஆரம்பித்தது. பாக்கெட்டைத் தள்ளி வைத்தால் நின்றுவிடும், பக்கத்தில் கொண்டுவந்தால் மறுபடி. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம்.

காரணம் மேண்டிலில் இருக்கும் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவைக்கு வந்தார். அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் வெளிச்சமே மந்தம். துணி எரிந்துபோய் ஆக்சைடு வலை மட்டும் நின்று ஒளிர்வதைப் பார்க்கும்போது, எடிசன் பல்பு வந்த பிறகும் காஸ் விளக்கு ஏன் அத்தனை வருடம் தாக்குப்பிடித்தது என்று புரிகிறது.

நிறமானி:

பழையசாமான், பாக்கெட்டை வெளியே வைத்திருப்பதால் பெரிய ஆபத்து இல்லை. பயப்பட வேண்டியது தூளுக்குத்தான். உடைந்த மேண்டிலை வாயால் ஊதித் தள்ளாதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் கட்டி வையுங்கள். புது மேண்டிலை முதல்முறை எரிக்கும்போது வெளியில் வைத்து எரியுங்கள். இப்போது தோரியத்துக்குப் பதில் இட்ரியம் போட்டதும் கிடைக்கிறது, தினமும் ஏற்றுவதாக இருந்தால் அதையே வாங்குங்கள்.